பதினாலு நாள் கண்ணாடி

பச்சை உடுப்பு போட்ட நர்ஸ் அந்தக் கதவைத் திறந்தால் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவேன், தப்பாக நினைக்காதீங்க அண்ணாச்சி. உள்ளே இருப்பது என் தங்கச்சி ஆவுடைச்செல்வி. கண்ணுக்கு லேசர் வைக்கப் போகிறார்கள். இன்னும் ஆரம்பிக்கவில்லை. தலையில் தொப்பி மாட்டி, சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். அவளுக்கு முன்னால் ரெண்டு பேர்.

நீங்க யாருக்கு வந்திருக்கீங்க? வீட்டம்மாவுக்கா? புரையா? பயப்படாதீங்க, இப்போதெல்லாம் அது பத்து நிமிஷ வேலை. எங்கள் தெருவிலேயே ஆறு பேர் பண்ணியிருக்கிறார்கள். நான் இந்த ஆஸ்பத்திரிக்கு மூணாவது தடவை வருகிறேன், அதனால் எல்லாம் அத்துப்படி. காபி மட்டும் இங்கே குடிக்காதீங்க.

எனக்கா? பதற்றமா? இல்லையே. காலை ஆட்டுகிறேனா? அது பழக்கம் அண்ணாச்சி.

எங்களுக்குச் சங்கரன்கோவில். பஸ் ஸ்டாண்டு பக்கம் பெயின்ட் கடை வைத்திருக்கிறேன். அப்பா போய் ஏழு வருஷம் ஆச்சு. அன்றிலிருந்து அவளுக்கு அப்பா இடத்தில் நான்தான். அவள் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை பார்க்கிறாள். ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற வேலை இல்லை, மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்து ஸ்லைடு பார்க்கிற வேலை. ஒரு நாளைக்கு அறுபது, எழுபது பார்ப்பாள். போன மழைக்காலத்தில் டெங்கு வந்தபோது ஊரில் உள்ள டாக்டர்கள் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது ஆவுடை பாத்ததா?" என்று கேட்பார்களாம். பெருமைதான். ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் ரிப்போர்ட்டையா பார்க்கிறார்கள்?

கண்ணாடியைப் பார்க்கிறார்கள்.

மைனஸ் ஆறரை அண்ணாச்சி, ரெண்டு கண்ணும். எவ்வளவு மெல்லிசாகத் தேய்த்துக் கொடுத்தாலும் ஓரத்தில் கண்ணாடி தடித்துத்தான் நிற்கும். முதலில் வந்தவர்கள் கேசரி சாப்பிட்டார்கள், காபி குடித்தார்கள், வாசலில் செருப்பு மாட்டும்போது அந்தப் பையனின் அம்மா கேட்டது: "பிறக்கிற பிள்ளைக்கும் இது வருமோ?" ரெண்டாவது வந்தவர்கள் அதைக்கூடக் கேட்கவில்லை. கார் கதவைச் சாத்தும்போது, "சோடாபுட்டி" என்று யாரோ சொல்லிச் சிரித்தது எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும். அன்றைக்குச் சாயங்காலம் வழக்கம்போல டியூட்டிக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அப்புறம் தரகர் சொன்னார், "தம்பி, கண்ணாடி இல்லாம ஒரு போட்டோ எடும். பொண்ணு பாக்க வரும்போது காண்டாக்ட் லென்ஸ் மாட்டி விடும். ஊரே அதைத்தான செய்யுது?" என்று. செய்தேன். மூணாவது இடம் உடனே பிடித்துப்போனது. புளியங்குடி. பையன் பெயர் கருணாகரன், ஓசூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். நல்ல பையன், அதிர்ந்து பேசமாட்டார். அவருடைய அம்மாதான் கொஞ்சம்... சரி, எல்லா அம்மாவும் அப்படித்தான். "பொண்ணுக்குக் கண்ணு மான்கண்ணு" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

பொய் சொன்னேன் என்று நினைக்காதீங்க. கண்ணாடி போடுவாளா என்று அவர்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அதுவும் போக, அப்போதே நான் ஒரு கணக்குப் போட்டுவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் லேசர் வைத்துப் பவரை எடுத்துவிட்டால் அவளுக்குக் கண்ணாடியே கிடையாது. கண்ணாடியே இல்லாத பெண்ணைக் கண்ணாடி இல்லாத பெண் என்று காட்டினால் அது எப்படி அண்ணாச்சி பொய்யாகும்? கொஞ்சம் முன்கூட்டிச் சொன்ன உண்மை, அவ்வளவுதான்.

நர்ஸா? இல்லை, துடைக்கிற அம்மா.

எங்கே விட்டேன்? ஆமாம், லேசர். முதல் தடவை இங்கே வந்தபோது டாக்டரம்மா ஒரு மணி நேரம் மெஷின் மெஷினாக உட்கார வைத்துப் பார்த்தார். பிறகு எங்கள் ரெண்டு பேரையும் கூப்பிட்டு நாலு விதம் சொன்னார். ஒன்று லாசிக். கருவிழி மேலே மூடி மாதிரி மெல்லிசாக வெட்டித் திறந்து, அடியில் லேசர் விட்டு, திரும்ப மூடிவிடுவது. மறுநாளே பார்வை தெளிந்துவிடும். இன்னொன்றில் மூடி கிடையாது. ஓரத்தில் சின்னத் துளை போட்டு, உள்ளே லேசரால் செதுக்கின சில்லை அதன் வழியாக உருவி எடுத்துவிடுவது. மூணாவதில் மேல்தோலை நீக்கிவிட்டு நேராக லேசர் வைப்பார்கள். மூணு நாலு நாள் கண்ணைத் திறக்க முடியாமல் எரியும், தெளிவு வர வாரக்கணக்கில் ஆகும். நாலாவதில் லேசரே இல்லை, கண்ணுக்குள்ளேயே ஒரு லென்ஸை வைத்துவிடுவது.

"இதுல எது சீக்கிரம் ஆறும் டாக்டர்?" என்று கேட்டேன்.

"ஆறுறது இருக்கட்டும். எது பொருந்தும்னு முதல்ல பாக்கணும்" என்றார். அவளைப் பார்த்து, "நீங்க எதுக்கும்மா எடுக்கணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார்.

"கல்யாணம் வருது டாக்டர்" என்றேன்.

"நான் அவங்களக் கேட்டேன்."

இவள் என்ன சொன்னாள் தெரியுமா? "கண்ணாடி எனக்கு ஒரு இடைஞ்சலும் இல்ல டாக்டர். எடுத்தாலும் சரிதான், இருந்தாலும் சரிதான். மைக்ராஸ்கோப்புல இப்பப் பாக்குற மாதிரியே பாக்க முடியணும். அது போயிறக் கூடாது." பார்த்தீங்களா? அவளே சரி என்று வாயைத் திறந்து சொன்னாள். நான் ஒன்றும் கட்டாயப்படுத்தவில்லை.

டாக்டரம்மாதான் இழுத்தார். அவளுக்குக் கருவிழி கொஞ்சம் மெல்லிசாம். லாசிக் பண்ணலாமா கூடாதா என்பது எல்லைக்கோட்டில் நிற்கிறதாம். லென்ஸ் மாட்டி மாட்டி அது அமுங்கிப் போயிருப்பதால் இப்போது அளந்தால் அளவு நிஜமாக இருக்காதாம். "பதினாலு நாள் கண்ணாடி மட்டும். லென்ஸ் ஒரு மணி நேரம்கூடக் கூடாது. கருவிழி தன்னால பழைய வடிவத்துக்கு வரட்டும். அன்னைக்குக் காலையில மறுபடி அளந்துட்டு, எதுன்னு முடிவு பண்ணுவோம்" என்றார். எழுதியும் கொடுத்தார். அதை நானே ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தேன்.

எட்டு நாள் ஒரு குறையும் இல்லை. ஒன்பதாம் நாள் காலையில் புளியங்குடியிலிருந்து போன். மாப்பிள்ளையின் அத்தை மஸ்கட்டிலிருந்து வந்திருக்கிறாராம், மறுநாள் திரும்புகிறாராம். அவர் கையால் பெண்ணுக்குப் பூ வைக்க வேண்டுமாம். இன்றைக்கே வருகிறோம் என்கிறார்கள். பூ வைக்க வருகிறவர்களை வராதே என்று சொல்ல முடியுமா? சொன்னால் என்ன நினைப்பார்கள்?

அவள் லென்ஸ் டப்பாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "எண்ணே, ஒரு மணி நேரம்கூடக் கூடாதுன்னாங்களே" என்றாள்.

"ஏட்டி, ஒரு நாளு. பூ வச்சுட்டுப் போனதும் கழட்டிரு."

வந்தவர்கள் சாயங்காலம் வரைக்கும் இருந்தார்கள். எட்டு மணி நேரம். சரி, போகட்டும். ரெண்டு நாள் கழித்து மாப்பிள்ளை ஏதோ சர்டிபிகேட் வாங்க ஊருக்கு வந்தவர், வழியில் வீட்டுக்கு வந்துவிட்டார். தெருமுனையில் நின்று போன் பண்ணுகிறார்! அம்மா பின்கட்டுக்கு ஓடினாள், நான் வாசலுக்கு ஓடினேன். அவரை வாசலிலேயே நிறுத்தி, பெயின்ட் விலையிலிருந்து மழை வரைக்கும் பேசினேன். உள்ளே இவள் லென்ஸ் மாட்டி முடிக்கணுமே. அன்றைக்கு மூணு மணி நேரம்.

அது எப்போது என்கிறீங்களா? இன்றைக்கு நாலு நாள் ஆச்சு.

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க?

மெதுவாகப் பேசுங்க அண்ணாச்சி. அந்தக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்குக் காது நல்லாக் கேட்கும். அவள்தான் இங்கே கவுன்சிலர், ஆபரேஷனுக்கு முன்னால் விவரம் கேட்டு எழுதுகிறவள். காலையில் அளந்து முடித்த பிறகு ஃபாரத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். சர்க்கரை இருக்கா, மாத்திரை எடுக்கிறீங்களா, வீட்டில் யாருக்காவது கருவிழி வியாதி உண்டா. எல்லாவற்றுக்கும் ஆவுடையே பதில் சொன்னாள். கடைசியில், "பதினாலு நாளா லென்ஸ் போடலையே?" என்று கேட்டாள்.

ஆவுடை வாயைத் திறந்தாள்.

"இல்ல மேடம். கண்ணாடிதான்" என்று சொல்லிவிட்டேன்.

நான்தான் சொன்னேன். வாயில் வந்துவிட்டது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் ஃபாரத்தில் டிக் போட்டுவிட்டு, "அளவு லாசிக்குக்குச் சரியா இருக்கு, இன்னைக்கே பண்ணிரலாம்" என்றாள். ஆவுடை கையெழுத்துப் போட்டாள். போட்டாள் அண்ணாச்சி. வேண்டாம் என்றால் அங்கேயே சொல்லியிருக்கலாம் இல்லையா? காலையில் இங்கே பஸ்ஸில் வரும்போது மட்டும், "அன்னைக்குப் போட்டதச் சொல்லிருவமா எண்ணே?" என்று கேட்டாள். "பாத்துக்கிடலாம்" என்றேன். அத்தோடு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

மெஷின் கண்டுபிடித்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். கண்டுபிடித்திருந்தால் நல்லதாகப் போயிருக்கும். என் வாயால் சொல்ல வேண்டி வந்திருக்காது. ஆனால் மெஷினுக்கு இன்றைக்கு இருக்கிற வடிவம்தான் தெரியுமாம். அது இயல்பா, லென்ஸ் அமுக்கினதா என்று ஆளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமாம். முதல் தடவையே டாக்டரம்மா இதைச் சொன்னார்.

தப்பான அளவில் வைத்தால் என்ன ஆகும் என்றும் சொன்னார். எல்லாருக்கும் ஆகாது. சிலருக்கு நாள் போகப் போகக் கருவிழி முன்னால் தள்ளிக்கொண்டு வருமாம். அப்புறம் கண்ணாடி போட்டால்கூடத் தெளிவாகத் தெரியாதாம்.

மைக்ராஸ்கோப்பா? அதில் மட்டும் எப்படித் தெரியும்?

தெரியும் அண்ணாச்சி, எனக்கு எல்லாம் தெரியும். நீங்க என் இடத்தில் இருந்து பாருங்க. இன்றையிலிருந்து பன்னிரண்டாம் நாள் நிச்சயதார்த்தம். மண்டபம் பேசியாச்சு. இப்போது போய் உண்மையைச் சொன்னால் மறுபடி பதினாலு நாள் என்பார்கள். நிச்சயதார்த்தத்தில் அவள் லென்ஸ் மாட்டித்தானே நிற்க வேண்டும்? மாட்டினால் அங்கேயிருந்து இன்னொரு பதினாலு. அதற்குள் ஒரு வளைகாப்புக்கு வா, ஒரு சடங்குக்கு வா என்று கூப்பிடுவார்கள். லென்ஸ் போட்டால் ஆபரேஷன் கிடையாது. ஆபரேஷன் இல்லையென்றால் லென்ஸ் போட்டே ஆகணும். இதற்கு முடிவே இல்லை. நானும் இதே நாற்காலியில் உட்கார்ந்து எல்லாப் பக்கமும் யோசித்துவிட்டேன்.

கண்ணாடியோடு நிற்க வைத்தால் என்னவா? உங்களுக்குப் பெண் பிள்ளை இருக்கா? இல்லை அல்லவா.

எனக்கும் முப்பத்திரண்டு முடிந்துவிட்டது அண்ணாச்சி. தங்கச்சியை வீட்டில் வைத்துக்கொண்டு அண்ணன் தாலி கட்ட முடியுமா? வாசுதேவநல்லூரில் ஒரு பெண், பெயர் வேண்டாம், மூணு வருஷமாக எனக்காக இருக்கிறது. அவள் அப்பா ஆவணி வரைக்கும்தான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டார். அதற்காக நான் அவசரப்படுகிறேன் என்று நினைக்காதீங்க. அது வேறு, இது வேறு. இதை ஆவுடைக்காகத்தான் செய்கிறேன்.

எங்கே எந்திரிக்கிறீங்க? உட்காருங்க. நர்ஸிடமா? வேண்டாம் அண்ணாச்சி, உங்க கையைப் பிடித்துக் கேட்கிறேன். நீங்க சொன்னால் அது வேறு மாதிரி ஆகிவிடும். உட்காருங்க. நானே போகிறேன். நானே போய்ச் சொல்கிறேன். அண்ணன் சொன்னால்தான் மரியாதை.

இதோ போகிறேன்.

*

இன்னும் இருபது நிமிஷம் ஆகுமாம். அவளுக்கு முன்னால் இருந்த ஒருத்தர் முடிந்து, ரெண்டாவது ஆள் உள்ளே போயிருக்கிறார்.

சொல்லத்தான் போனேன். கதவைத் தட்டினேன். நர்ஸ் எட்டிப் பார்த்து, "என்ன சார்?" என்றது. அந்த இடுக்கு வழியாக உள்ளே தெரிந்தது. ஆவுடை தொப்பியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். கழற்றினால் அவளுக்கு ஒரு முழம் தாண்டி ஒன்றும் தெரியாது, என்னைக்கூடத் தெரிந்திருக்காது. "என்ன சார்?" என்று அந்த நர்ஸ் மறுபடி கேட்டதா, "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டுவிட்டேன்.

திட்டாதீங்க. உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் எப்படியும் சொல்லிவிடுவேன். இருபது நிமிஷம் இருக்கிறதே. டாக்டரம்மாவிடமே நேராகச் சொன்னால் நல்லது. நர்ஸிடம் சொன்னால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும். இல்லை, வேறு ஏதாவது சொல்லி நிறுத்தலாம். காய்ச்சல் என்று சொல்லலாமா? காய்ச்சல் இருந்தால் பண்ணமாட்டார்கள் இல்லையா? ஆனால் கையைப் பிடித்துப் பார்த்தால்...

கதவு திறக்கிறது.

"ஆவுடைச்செல்வி கூட வந்தது யாரு?"

நான்தான் சிஸ்டர். என்ன, அதற்குள்ளேயா? இருபது நிமிஷம் என்றீங்களே?

டாக்டர் கூப்பிடுகிறாராம் அண்ணாச்சி. என்னை. ஏன் என்னை?

*

முடிந்துவிட்டது. ஆபரேஷன் இல்லை. தண்ணீர் இருக்கா? கொஞ்சம் கொடுங்க.

அவளே சொல்லிவிட்டாள்.

நான் கதவைத் தட்டுவதற்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறாள். தனக்குத் தொப்பி மாட்டிவிட்ட நர்ஸிடம், "டாக்டரப் பாக்கணும், ஒரு விஷயம் விட்டுப்போச்சு" என்றாளாம். எந்தத் தேதி, எத்தனை மணி நேரம் என்று லேப் ரிப்போர்ட் எழுதுகிற மாதிரி ஒரு சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறாள். டாக்டரம்மா கையில் அந்தச் சீட்டு இருந்தது. ஆவுடை பக்கத்தில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"காலையில லென்ஸ் போடலைன்னு சொன்னது நீங்கதானே?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அந்த அறையில் நாலு பேர் இருந்தார்கள் அண்ணாச்சி. டாக்டரம்மா, நர்ஸ், அந்தக் கவுன்சிலர் பெண், இவள். நாலு பேரும் என்னைப் பார்க்கிறார்கள்.

"அவ எங்கிட்ட அப்படித்தான் டாக்டர் சொன்னா" என்றேன்.

வாயில் வந்துவிட்டது. வேண்டும் என்று சொல்லவில்லை.

அவள் "பொய் சொல்லுதான்" என்று சொல்லியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. என்னைப் பார்த்தாள். அப்புறம் என்னை விட்டுவிட்டு டாக்டரம்மா பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பதினாலு நாள் கழிச்சு அளந்து பாத்து, எனக்கு எது பொருந்தும்னு நீங்க சொல்லுங்க டாக்டர். ஒண்ணும் பொருந்தலைன்னாலும் சொல்லுங்க. கண்ணாடியே போட்டுக்கிடுதேன்."

"நிச்சயதார்த்தம் இருக்குன்னு உங்க அண்ணன் சொன்னாரே?"

"அதுக்கும் கண்ணாடிதான்."

நான், "ஏட்டி, கருணாகரன் வீட்ல..." என்று ஆரம்பித்தேன். "அவருகிட்ட இப்பத்தான் பேசுனேன்" என்றாள். உள்ளேயிருந்தே போன் பண்ணியிருக்கிறாள்! மைனஸ் ஆறரை, சின்ன வயசிலிருந்து கண்ணாடி, நீங்க வந்த அன்றெல்லாம் லென்ஸ் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் "அம்மாகிட்டப் பேசிட்டுச் சொல்லுதேன்" என்று வைத்துவிட்டாராம். ஆறு மாசம் நான் ஓடின ஓட்டம் அண்ணாச்சி. ஒரு போனில்.

அதுவும் போகட்டும். கடைசியாக ஒன்று கேட்டாள், அதுதான் எனக்கு ஆறவில்லை. "அடுத்த தடவ வரும்போது கூட ஆளு வேணுமா டாக்டர்?" என்று கேட்டாள். "ஆபரேஷன் பண்ணினா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஒருத்தர் வேணும்மா. யாரா இருந்தாலும் சரி" என்றார் அவர். "கையெழுத்து?" "உங்க கையெழுத்து மட்டும் போதும்."

"அப்பம் சரி. லேப்ல என்கூட வேலை பாக்குற ஜெயராணி இருக்கா. அவளக் கூட்டிட்டு வாரேன்."

கேட்டீங்களா? கூடப்பிறந்த அண்ணன், அப்பா இடத்தில் இருக்கிற அண்ணன், பக்கத்தில் நிற்கிறேன். ஜெயராணியைக் கூட்டிக்கொண்டு வருவாளாம். இப்போது எங்கே என்கிறீங்களா? போய்விட்டாள். மூணரை பஸ்ஸைப் பிடித்தால் சாயங்கால டியூட்டிக்குச் சேர்ந்துவிடலாமாம். "நீ மெதுவா வா எண்ணே" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. நான் யாருக்காக இவ்வளவும் பண்ணினேன்?

ஒரு நிமிஷம். அம்மா போன். இதோடு ஒன்பதாவது தடவை.

"ஹலோ, சொல்லும்மா... இல்லம்மா, இன்னைக்கு ஆகல... ஒண்ணுமில்ல, பதறாத... ஆவுடை நல்லாத்தான் இருக்கா... எங்கிட்ட என்ன கேக்க? நான் என்னம்மா செய்ய முடியும்? மெஷினு ரிப்பேராம்."

அண்ணாச்சி, எங்கே கிளம்பிட்டீங்க? உங்க வீட்டம்மாவை இன்னும் கூப்பிடவே இல்லையே.